நாப்கினை ஸ்கேன் எடுத்துச் சோதிக்கலாமா? குடியாத்தத்திலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

குடியாத்தம் பக்கத்தில் நாப்கின் தயாரிக்கும் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் நாப்கினையும் டாம்பானையும் எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் சோதிக்கின்றன என்று எங்கோ படித்தார்களாம். இவர்களிடம் நாப்கின் வாங்கும் பெண்களில் பலர் ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். பக்கவாட்டில் கசிகிறது என்பது அவர்களுடைய புகார். வேலூரில் இத்தனை ஸ்கேன் சென்டர்கள் இருக்கும்போது நாங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடாதா என்பது கேள்வி.

நான் வேலூரில் ரேடியோகிராபராக நெடுங்காலம் வேலை பார்த்தவள். எம்ஆர்ஐ அறையின் உள்ளேயும் வெளியேயும் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். எடுக்கலாம். ஆனால் உங்களுடைய இந்தக் குறிப்பிட்ட புகாருக்கு எம்ஆர்ஐ பதில் சொல்லாது. எம்ஆர்ஐ குழலுக்குள் பெண் படுத்திருக்கிறாள். உங்கள் நாப்கின் கசிவதோ அவள் உட்கார்ந்திருக்கும்போது. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று எக்ஸ்ரே. எது எதற்கு உதவும் என்பது விளங்க வேண்டுமானால் கம்பெனிகள் ஏன் ஸ்கேன் பக்கம் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அது நாப்கின் கதை அல்ல, டாம்பான் கதை. நம் ஊரில் டாம்பான் வாங்குகிறவர்கள் குறைவு. பஞ்சை இறுக்கி உருளையாக்கி யோனிக்குள் வைத்துக்கொள்வது என்று சொன்னால் பலருக்கு விளங்கும். அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 'ரிலை' என்ற டாம்பானை விற்றது. பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்த்துச் செய்தது. ஏராளமாக உறிஞ்சும் என்பதுதான் அதன் பெருமை. 1980-இல் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்னும் நச்சு அதிர்ச்சி நோய் டாம்பான் பயன்படுத்தும் பெண்களிடம் பரவலாகத் தெரியவந்தது, சிலர் இறந்தும் போனார்கள். ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வெளியிடும் நச்சுதான் காரணம். அதிகம் உறிஞ்சும் டாம்பான்களில் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ரிலை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எவ்வளவு உறிஞ்சும் என்பதை எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவுகோலில் அளந்து பெட்டியில் அச்சிட வேண்டும் என்ற விதி 1989-இல் வந்தது. 6 கிராமுக்குக் கீழே ஒரு பெயர், 6 முதல் 9 வரை ரெகுலர், 9 முதல் 12 வரை சூப்பர், இப்படியே 18 கிராம் வரை.

அந்த அளவுகோலுக்கு சிஞ்சைனா என்று பெயர். ஒரு கண்ணாடிக் குழலுக்குள் ஆணுறையைப் பொருத்தி, அதற்குள் டாம்பானை வைத்து, வெளியிலிருந்து நீர் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து சாயம் கலந்த உப்பு நீரை மணிக்கு 50 மில்லி வீதம் விடுவார்கள். அடியில் முதல் சொட்டு வந்ததும் நிறுத்தி டாம்பானை எடுத்து எடை போடுவார்கள். எளிமையான சோதனைதான், ஒழுங்கானதும்கூட. ஆனால் யோனி கண்ணாடிக் குழல் இல்லை.

இங்கேதான் எம்ஆர்ஐ தன் வேலையைக் காட்டியது. பாடப்புத்தகப் படத்தில் யோனியை ஒரு நேரான குழாயாக வரைந்திருப்பார்கள். உயிருள்ள பெண்ணைப் படமெடுத்தால் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது தெரியும். குறுக்கே வெட்டிய படத்தில் பெரும்பாலும் ஆங்கில எச் எழுத்தைப் போன்ற ஒரு கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு வளைவு, மேல் பாதி முதுகுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ன்ஹார்ட் குழுவினர் 28 பெண்களின் எம்ஆர்ஐ படங்களை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். கருப்பை வாயிலிருந்து வெளிவாய் வரை சராசரி நீளம் 62.7 மில்லிமீட்டர். மிகக் குறைவான அளவுக்கும் மிக அதிகமான அளவுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே குழுவினர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, யோனிக்குள் இடும் மருந்து ஜெல் எங்கெல்லாம் பரவுகிறது என்பதையும், ஜெல்லில் காடோலினியம் என்ற எம்ஆர்ஐ சாயத்தைக் கலந்து படமெடுத்துப் பார்த்தார்கள். உடம்புக்குள் வைத்த ஒரு பொருள் என்ன செய்கிறது என்பதை உடம்பைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

டாம்பானில் கம்பெனிகளை உறுத்திய கேள்வியும் இதே வகைதான். பாதிகூட நனையாத டாம்பான் ஏன் கசிகிறது? கண்ணாடிக் குழலில் 10 கிராம் உறிஞ்சிய சரக்கு, உடம்பில் 4 கிராமிலேயே உள்ளாடையை நனைத்துவிடுகிறது. எடை போட்டால் 4 கிராம் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. எம்ஆர்ஐ படத்தில் தெரியும். உலர்ந்த பஞ்சு கறுப்பு, ஈரம் வெளுப்பு. டாம்பானின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து மறுபக்கம் கறுப்பாகவே இருந்தால், சுவரோடு ஒட்டாத பக்கமாக ரத்தம் வழுக்கி வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். குறை உறிஞ்சும் திறனில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் அத்தனை விலை உயர்ந்த இயந்திரத்தை அவர்கள் தேடிப் போனார்கள்.

உலர்ந்த பஞ்சு ஏன் கறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். எம்ஆர்ஐ பார்ப்பது ஹைட்ரஜனை, அதிலும் அசையக்கூடிய நீரில் இருக்கும் ஹைட்ரஜனை. நம் ஊர் சென்டர்களில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம், இந்தப் பகுதியில் பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல் வலுவானது. அதில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒழுங்குபட்டு நிற்கும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு சமிக்ஞை தரும். தண்ணீர் நிதானமாகத் திரும்பும், அதனால் டி2 வகைப் படத்தில் பளிச்சென்று தெரியும். மரக்கூழ் நாரில் உள்ள ஹைட்ரஜன் கெட்டிப்பட்டுக் கிடப்பதால் படம் பிடிப்பதற்குள் சமிக்ஞை செத்துவிடும். நார்களுக்கு இடையில் இருப்பது காற்று, அதில் ஒன்றும் இல்லை.

கேட்பதற்கு ஈரத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்று தோன்றும். நாப்கினுக்கு வரும்போதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

முதலாவது, ரத்தம் தண்ணீர் அல்ல. ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் தானே ஒரு குட்டிக் காந்தம்போல் நடந்துகொண்டு சுற்றியுள்ள நீரின் சமிக்ஞையைக் குலைக்கும், டி2 படத்தில் அந்த இடம் கறுக்கும். நாள்பட்டு மெத்ஹீமோகுளோபினாக மாறினால் டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் வெளுக்கும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பை உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயில், கட்டியில் தேங்கிய பழைய ரத்தம் டி2 படத்தில் கறுத்துக் கிடப்பதை எங்கள் டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள், அதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். நாப்கின் படத்தைப் பார்க்கும் விவரம் அறியாத ஒருவர் அதே கறுப்பை 'இங்கே உலர்ந்திருக்கிறது' என்று படித்துவிடுவார். ரத்தம் நிறைந்த இடத்தை உலர்ந்த இடம் என்று கணக்கிட்டால் மொத்தச் சோதனையும் தலைகீழ். டி1, டி2 இரண்டும் எடுத்து ஒப்பிடாமல் நாப்கின் படம் ஒன்றை நம்பக் கூடாது.

இரண்டாவது, ஜெல். உங்கள் நாப்கினில் போடும் ஜெல் தூள் உப்பு நீரைத் தன் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு பிடித்து வைக்கும். ரத்தம் என்றால் சிவப்பணுக்களும் புரதமும் துகளின் மேற்பரப்பை மூடிக்கொள்வதால் அவ்வளவு உறிஞ்சாது. ஜெல்லில் பிடிபட்ட நீர், தளர்ந்து நிற்கும் நீரைவிட மங்கலாகத் தெரியும். ஒரே 10 மில்லி, பஞ்சில் ஒரு வெளுப்பு, ஜெல்லில் வேறொரு வெளுப்பு. தெரிந்த அளவு திரவம் ஊற்றிய மாதிரித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒழிய, வெளுப்பை மில்லியாக மாற்ற முடியாது.

மூன்றாவது, தடிமன். எம்ஆர்ஐ உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் படம் தருகிறது. வழக்கமான இடுப்பு ஸ்கேனில் ஒரு துண்டின் தடிமன் 3 முதல் 5 மில்லிமீட்டர். கடையில் விற்கும் மெல்லிய அல்ட்ரா நாப்கினின் மொத்தத் தடிமனே 2, 3 மில்லிமீட்டர்தான். மேல் ஷீட், நடுப்பஞ்சு, அடி ஷீட் எல்லாம் ஒரே துண்டுக்குள் அடங்கிச் சராசரியாகிவிடும். மேல் ஷீட் உலர்ந்திருக்கிறதா என்பதுதானே பயன்படுத்துகிறவருக்கு முக்கியம்? அதுதான் தெரியாமல் போகும். நோயாளிக்கு எடுக்கும் முறையை அப்படியே பயன்படுத்தாமல், மணிக்கட்டு ஸ்கேனுக்குரிய சிறிய காயிலில் (சமிக்ஞையைப் பிடிக்கும் பாகம்) நாப்கினை வைத்து முப்பரிமாண முறையில் எடுத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். உங்களுடையது பஞ்சு அதிகமுள்ள தடித்த வகை என்பதால் கொஞ்சம் தப்பித்தீர்கள்.

இப்போது படுத்திருக்கும் விஷயம். நாப்கினை மட்டும் படமெடுக்காமல், அணிந்திருக்கும் பெண்ணையே படமெடுத்தால்தான் உடம்புக்கும் நாப்கினுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும், திரவம் எந்த மடிப்பு வழியாக ஓடுகிறது என்பதும் தெரியும். ஆனால் 60 அல்லது 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலுக்குள் மல்லாந்து படுத்தால் ரத்தம் பிட்டத்தின் நடுப்பிளவு வழியாகப் பின்னோக்கித்தான் போகும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரவு நாப்கின் பின்பக்கமாகக் கசிகிறது என்று யாராவது கேட்டிருந்தால் நான் எம்ஆர்ஐயைச் சிபாரிசு செய்திருப்பேன். தூங்கும் நிலையும் ஸ்கேன் நிலையும் ஒன்றுதான். பின்பக்கம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு அந்தப் படம் நேரடியாகப் பதில் சொல்லும். ஒருக்களித்துப் படுக்கவைத்தும் எடுக்கலாம். தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கதை வேறு. உட்கார்ந்த நிலையில் படமெடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரங்களும் உலகில் உண்டு. அவற்றின் காந்தம் பலம் குறைந்தது, படமும் அவ்வளவு தெளிவாக இருக்காது. அதைத் தேடி அலைவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

பெண்களை ஸ்கேன் எடுப்பதில் இயந்திரம் சாராத பிரச்சினைகளும் இருக்கின்றன. எனக்கு அவைதான் பெரிதாகத் தெரிகின்றன.

எம்ஆர்ஐ அறைக்கு வெளியே ஒரு பெண்ணைத் தயார் செய்வதைக் கவனித்தால் புரியும். வளையல், கம்மல், மூக்குத்தி, மெட்டி, கடைசியாகத் தாலிச் சங்கிலி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் கழற்றச் சொல்கிறோம். ஏனென்றால் சங்கிலியில் இரண்டு மூன்று ஊக்குகள் கோத்திருக்கும். அந்த ஊக்கு இரும்பு. இழுத்த இழுப்பில் அறுத்துக்கொண்டு பறக்கும். தாலியைக் கழற்ற மனம் வராமல் மாமியாரின் முகத்தைப் பார்ப்பார்கள். மாமியார் தலையசைத்தால்தான் கை கழுத்துக்குப் போகும். நோய்க்காக வந்தவர்களே இப்படி. தூரமான நாளில், நாப்கினோடு, அதைப் பார்ப்பதற்காகவே ஒரு பெண் வந்து படுக்க வேண்டும் என்றால் அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசியுங்கள். குழுத் தலைவி கேட்டால் உறுப்பினரால் மறுக்க முடியுமா? கடன் தவணை நினைவுக்கு வரும். மறுக்க முடியாதவளிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதையெல்லாம் மனதில் வைத்துத்தான். ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேராமல் நீங்கள் தனியாக இதில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இடுப்பைப் படமெடுத்தால் நாப்கின் மட்டுமா தெரியும்? கருப்பையில் நார்த்திசுக் கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி என்று கேட்காததெல்லாம் தெரியும். நாப்கின் சோதனைக்கு வந்த 30 வயதுப் பெண்ணிடம் அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது, அதற்குப் பிறகான வைத்தியச் செலவு யாருடையது? முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சி.டி. ஸ்கேன் பற்றி ஒரே வரி: ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பைமீது ஒரு நாப்கினுக்காகக் கதிர்வீச்சைச் செலுத்துவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது.

அல்ட்ராசவுண்ட் மலிவு, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் ஒலி அலை காற்றைத் தாண்டாது. நாப்கினும் டாம்பானும் காற்று நிறைந்தவை. திரையில் ஒரு வெள்ளைக் கோடும் அதற்குக் கீழே இருட்டும்தான் தெரியும். மாதவிடாய்க் கோப்பைக்கு இது நன்றாக உதவும். கோப்பை கருப்பை வாய்க்குக் கீழே சரியாக அமர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, தாழ்ந்த கருப்பை வாய் கோப்பைக்குள்ளேயே இறங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதை வெளியிலிருந்தே, பெண் நிற்கும் நிலையிலும்கூடப் பார்க்கலாம். பிற்காலத்தில் நீங்கள் கோப்பை தயாரிக்கும் எண்ணம் வைத்திருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய போர்ட்டபிள் அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒன்றை நாமே வாங்கிப் போட்டுவிடலாம் என்று மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் அந்த மெஷினை வைத்திருப்பதே குற்றம். நாப்கின் சோதிக்கத்தான் வாங்கினோம் என்ற விளக்கம் அதிகாரியிடம் எடுபடாது.

சரி, உங்கள் புகாருக்கு வருவோம். ஸ்கேனைத் தொடும் முன்பு, இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 5405 என்ன கேட்கிறது என்று பாருங்கள். 2019-இல் திருத்துவதற்கு முன்பிருந்த பதிப்பின்படி, நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி ஊற்ற வேண்டும். சாய நீராகவும் இருக்கலாம், உறையாமல் இருக்க ஆக்ஸலேட் சேர்த்த ஆட்டு ரத்தமாகவும் இருக்கலாம். அடியிலோ பக்கத்திலோ கசியக் கூடாது. பிறகு 1 கிலோ எடையை 1 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு இடங்களில் எனக்குக் குறை தோன்றுகிறது. சாய நீரில் தேறிய நாப்கின் ரத்தத்தில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் ஒரிகான் ஹெல்த் அண்ட் சயன்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2023-இல் 21 மாதவிடாய்ப் பொருட்களை, காலாவதியான மனித ரத்த சிவப்பணுக்களை ஊற்றிச் சோதித்தார்கள். அட்டையில் அச்சிட்ட கொள்ளளவும் ரத்தத்தில் கிடைத்த கொள்ளளவும் பல பொருட்களில் ஒத்துப்போகவில்லை. மாதவிடாய் உள்ளாடைகள் பிடித்தது 2 மில்லி அளவுதான். அடுத்த குறை, 30 மில்லியை இரண்டே நிமிடத்தில் ஊற்றுவது. இயல்பான ஒரு மாதவிடாயின் மொத்தப் போக்கே சராசரியாக 30, 40 மில்லிதான், அதுவும் சில நாட்களில். 80 மில்லியைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டிய அதிகப் போக்கு. எனவே இந்தச் சோதனை கொள்ளளவில் மிகக் கடுமையானது, நடைமுறையில் வேறு மாதிரியானது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது தேங்கியது மொத்தமாக இறங்குமே, அந்த ஒரு நொடியை இது சோதிப்பதில்லை. உங்கள் பெண்களின் கசிவு பெரும்பாலும் அந்த நொடியில்தான் என்பது என் ஊகம். அவர்களிடம் கேளுங்கள்: உட்கார்ந்திருக்கும்போதா, எழும்போதா, வேனில் வீடு திரும்பும்போதா? ஒரு பேப்பரில் நாப்கின் படம் வரைந்து கொடுத்து, கறை பட்ட இடத்தைப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். அந்தப் பென்சில் கோடுகளுக்கு எந்த ஸ்கேனும் ஈடாகாது.

மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் செய்ததும் இந்த வகைதான். அணிந்து பார்க்கப் பெண்கள் முன்வராததால், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, தானே இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் சிரித்தது. 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உடம்பு அசையும்போது என்ன ஆகிறது என்ற கேள்வியை அவர் பிடித்துக்கொண்டார், பதிலுக்கு அந்த பிளாடரே போதுமானதாக இருந்தது.

ஆட்டு ரத்தம் பயன்படுத்துவதானால் ஒரு விஷயம். கறிக்கடையில் பிடிக்கும்போதே சோடியம் சிட்ரேட் கரைசல் உள்ள பாத்திரத்தில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வீடு வருவதற்குள் கட்டியாகிவிடும். மேலும் ஆட்டின் சிவப்பணு மிகச் சிறியது, மனித அணுவின் குறுக்களவில் பாதிகூட இராது. மாதவிடாய்த் திரவமும் முழு ரத்தம் அல்ல. அதில் பாதிக்கு மேல் கருப்பை உட்சுவரின் சுரப்பும் சளியும்தான். அந்தச் சளியின் கொழகொழப்புதான் மேல் ஷீட்டின் துளைகளில் அடைத்துக்கொண்டு உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓட வைக்கிறது. பெரிய கம்பெனிகள் செம்மறி ஆட்டு ரத்தத்தோடு மியூசின் என்ற சளிப் பொருளைக் கலந்து செயற்கைத் திரவம் செய்துகொள்வது இதற்காகத்தான். உங்களால் அதெல்லாம் முடியாது என்றாலும், ஆட்டு ரத்தத்தில் ஒழுங்காக உறிஞ்சியது என்பதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குறை எங்கே என்று தெரியாவிட்டால் எக்ஸ்ரேக்குப் போங்கள். நாப்கினை மட்டும்தான், ஆளை அல்ல. அதனால் கதிர்வீச்சுக் கவலை இல்லை, சம்மதப் பிரச்சினையும் இல்லை. சி.டி. ஸ்கேனுக்கு ஊசியில் போடும் அயோடின் சாயம் எக்ஸ்ரேயில் வெளுப்பாகத் தெரியும். அதைப் பத்தில் ஒரு பங்காக உப்பு நீரிலோ சிட்ரேட் கலந்த ரத்தத்திலோ கலந்துகொள்ளுங்கள். அதிகம் கலந்தால் திரவம் பாகுபோல் ஆகி முடிவு மாறிவிடும். காலாவதியான சாயப் பாட்டில்கள் ஸ்கேன் சென்டர்களில் மிஞ்சும், கேட்டால் நல்ல மனதுடையவர்கள் கொடுப்பார்கள். நாப்கினைத் தட்டையாக வைக்காதீர்கள். தொடைகளுக்கு நடுவில் அது எப்படிச் சுருங்கி வளைகிறதோ அப்படி நிற்க ஒரு மர அச்சு தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நெருக்கும் மாதிரி இருக்க வேண்டும், ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டியதாக இருக்க வேண்டும். ஊசிக் குழாயால் 5 மில்லியை மெதுவாக விட்டு ஒரு படம், அடுத்து 5 மில்லியை ஒரேயடியாக விட்டு ஒரு படம், எடையை மேலே வைத்து அழுத்திவிட்டு இன்னொரு படம். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் ஒவ்வொரு படமும் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடும். எம்ஆர்ஐயில் ஒரு நல்ல முப்பரிமாணப் படம் முடிவதற்குள் திரவம் பாதித் தூரம் நகர்ந்திருக்கும்.

அந்தப் படங்களில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். வெளுப்பு நீளவாக்கில் பரவாமல் நடுவிலேயே வட்டமாக நின்று விளிம்புக்கு வந்துவிட்டால், பஞ்சு நீளவாக்கில் கடத்தவில்லை; நடுவில் நீளமாக ஒரு பள்ளம் அழுத்திக் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆங்காங்கே பளிச்சென்ற புள்ளிகள், அவற்றைச் சுற்றி வறட்சி என்றால் ஜெல் தூள் சீராகப் படியவில்லை. ஒரே இடத்தில் குவிந்த ஜெல் முதல் நனைவிலேயே ஊதி வழியை அடைத்துவிடும், அதற்குப் பிறகு வரும் திரவத்துக்குப் பக்கவாட்டைத் தவிரப் போக்கிடம் கிடையாது. கையால் தூவுகிற இடங்களில் இது மிகச் சாதாரணம். மூன்றாவது, அச்சில் நெருக்கியதும் நாப்கினின் அகலம் பாதியாகச் சுருங்கி மடிப்பு விழுந்தால், பஞ்சின் குறை இல்லை, இறக்கை ஒட்டும் இடம் தவறு. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் புகார் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இந்த மூன்றாவதன் மேல்தான் சந்தேகம்.

ஜெல் சீராகப் படிந்திருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரேகூட வேண்டாம். முன்பு பிலிம் பார்ப்பதற்கு வெள்ளை விளக்குப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருப்போம். எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு மாறிய பிறகு பல ஆஸ்பத்திரிகளில் அவை தூசி படிந்து கிடக்கின்றன. ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடி ஷீட் ஒட்டும் முன்பு ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு பஞ்சுகளை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். திட்டுத்திட்டாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது நோயாளிகள் முடிந்த நேரத்தைக் கேளுங்கள், கட்டணத்திலும் பேசிப் பார்க்கலாம். நாப்கினை இரண்டு அடுக்கு ஜிப் பையில் மூடி, கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக்கொண்டு, ஊற்றும் வேலையைப் பைக்குள்ளேயே செய்யுங்கள். ஒரு சொட்டு மேசையில் பட்டாலும் அடுத்த முறை உள்ளே விட மாட்டார்கள். ரத்தம் பட்டதை ஆஸ்பத்திரியின் மருத்துவக் கழிவுப் பையிலேயே போட்டுவிட்டு வாருங்கள். படங்களை வைத்துத் தரச்சான்று வாங்க முடியாது. ஐஎஸ் 5405 சான்றுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தின் அறிக்கைதான் வேண்டும். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள், மாதிரிகள் எத்தனை அனுப்ப வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.